அப்பாவிடம் சொல்ல வேண்டாம்

சில மாதங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு சிறுகதையில், தகப்பனாருக்குப் புற்றுநோய் என்று அறிந்த மகன் நேரே அவரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறான். கதையில் அது முக்கியமான கட்டம்கூட அல்ல. ஆனால் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஓர் இடத்தைப் பற்றியே இருந்தன. "ஈவிரக்கம் இல்லாத பிள்ளை" என்று ஒரு தாயார் கோபித்திருந்தார். "அமெரிக்காவில் வேண்டுமானால் இப்படி நடக்கலாம், நம் குடும்பங்களில் நடக்குமா?" என்று கும்பகோணத்து அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஓர் இளைஞர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். தம் தகப்பனாருக்கு இந்த வியாதி வந்தபோது கடைசி மூச்சு வரையில் அதன் பெயர் அவர் காதில் விழாமல் காத்த கதையைப் பெருமையோடு விவரித்து, "இதுவல்லவா ஸார் பாசம்?" என்று முடித்திருந்தார்.

பாசம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பாசத்தின் பெயரால் நடப்பது என்ன என்பதில்தான் எனக்கும் அவருக்கும் வழக்கு. வயது வந்த, புத்தி தெளிவாக உள்ள ஒரு மனிதரின் உடம்பை, அவரைக் கேட்காமல், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு நாலு பேர் பங்கு போட்டு முடிவு செய்கிறார்கள். அவருக்குத் தெரியாமல் அவருடைய வீட்டை விற்றால் அதற்கு மோசடி என்று பெயர். உடம்பை அறுத்தால் மட்டும் பாசமா?

பொதுவாகப் பேசினால் இந்த விவாதம் காற்றில் கரைந்துவிடும். ஆகையால் ஒரே ஒரு வியாதியை எடுத்துக்கொள்கிறேன். ஆண்களுக்கு மூத்திரப் பைக்கு அடியில், மூத்திரக் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. புரோஸ்டேட் என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி இப்போது வீட்டுத் திண்ணையிலும் அந்தப் பெயரே வழங்குகிறது. வயதான காலத்தில் அது சும்மாவே வீங்கும். அது வேறு சங்கதி. சிலருக்கு அதிலே புற்றுநோய் வருகிறது. இந்த ஒரு வியாதியை நான் பொறுக்கி எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மற்றப் பல புற்றுநோய்களில் டாக்டர் ஒரு வழியைக் காட்டி, "இதுதான் செய்ய வேண்டும்" என்பார். நோயாளிக்குத் தலையசைப்பதைத் தவிர வேலை அதிகம் இல்லை. இந்த வியாதியில், அது ஆரம்ப நிலையில் அகப்பட்டால், டாக்டரே இரண்டு மூன்று வழிகளை எதிரே வைத்துவிட்டு, "எது வேண்டும்?" என்று கேட்கும்படியாக இருக்கிறது.

இங்கிலாந்தில் இதைப் பற்றி ஒரு பெரிய பரீட்சை நடந்தது. வியாதி சுரப்பியை விட்டு வெளியேறாத நிலையில், 1999 முதல் 2009 வரையில் கண்டறியப்பட்ட 1643 பேர் அதற்குச் சம்மதித்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல் அவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவாருக்குச் சுரப்பியையே அறுத்து எடுத்துவிட்டார்கள். இன்னொரு பிரிவாருக்குக் கதிர்வீச்சு. நம் ஜனங்கள் 'கரண்ட் வைப்பது' என்கிறார்களே, அது. மூன்றாம் பிரிவாருக்கு உடனே ஒன்றும் செய்யவில்லை. அடிக்கடி ரத்தத்தைப் பரிசோதித்துக் கண்காணித்துக்கொண்டே இருப்பது, வியாதி தலையெடுத்தால் அப்போது சிகிச்சை என்று ஏற்பாடு. பதினைந்து வருஷம் சென்றபின், 2023-இல் கணக்கை வெளியிட்டார்கள். மூன்று பிரிவிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் இந்த வியாதியால் சாகவில்லை! அறுத்தவர், கரண்ட் வைத்துக்கொண்டவர், காத்திருந்தவர் எல்லாரும் அந்த ஒரு விஷயத்தில் ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படியானால் மூன்றும் சமந்தானே என்று யாரும் துள்ள வேண்டாம். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு வியாதி உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவியது. மற்ற இரு பிரிவிலும் அது ஐந்து பேர்தான். காத்திருந்தவர்களிலும் நூற்றுக்கு அறுபத்தொரு பேர் நாளடைவில் ஏதேனும் ஒரு சிகிச்சைக்குப் போனார்கள். சுரப்பியை எடுத்தவர்களில் நாலில் ஒருவருக்குப் பன்னிரண்டாம் வருஷத்திலும் மூத்திரம் கசிந்தது, துணி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கரண்ட் வைத்துக்கொண்டவர்களில் அந்தக் கஷ்டம் நூற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான். ஆனால் அவர்களில் பன்னிரண்டு பேருக்கு மலம் கசியும் தொல்லை வந்தது, மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு. தாம்பத்திய சக்தி என்று நாம் கௌரவமாகச் சொல்லும் விஷயம் ஏழாம் வருஷத்தில் அறுத்தவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு எஞ்சியிருந்தது. மற்ற இரு பிரிவிலும் முப்பதுக்குச் சற்று முன்பின். பன்னிரண்டாம் வருஷத்தில் வயது எல்லாரையும் ஒன்றாக்கிவிட்டது.

இந்த எண்களை நான் வாசகர்கள் மனப்பாடம் செய்வதற்காக எழுதவில்லை. அவற்றின் குணத்தைப் பாருங்கள். எந்த வழியில் போனால் எதை இழக்கிறோம் என்பதே பேச்சாக இருக்கிறது. ஒருவருக்கு மூத்திரம் கசிவது மரணத்தைவிட மோசமாகத் தோன்றும். இன்னொருவர், "கசிந்தால் கசியட்டும், வியாதி என் உள்ளே உட்கார்ந்திருக்கக் கூடாது" என்பார். அறுபது வயதில் மனைவியோடு சந்தோஷமாக இருப்பவருக்கு ஒரு கணக்கு, எண்பது வயதில் தனியாக இருப்பவருக்கு வேறு கணக்கு. எடை போடுகிற கல் நோயாளியிடம் மட்டுமே இருக்கிறது. டாக்டரிடம் இல்லை. மகனிடம் இல்லவே இல்லை.

இங்கேதான் நம் குடும்பங்களின் நிலைமை பரிதாபமாகவும், சொல்லப்போனால் சிறிது ஹாஸ்யமாகவும் ஆகிவிடுகிறது. இந்த வழிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது எந்தக் கேள்வியோ, அதே கேள்வியைத்தான் நம் ஊரில் மகன் தகப்பனாரிடம் கேட்க முடியாது. "அப்பா, உங்களுக்கும் அம்மாவுக்கும் இன்னும்..." என்று எந்தப் பிள்ளை வாயைத் திறப்பான்? கேட்கக் கூச்சம். ஆகவே கேட்பதில்லை. கேட்காததால் அந்த இடத்தில் ஒரு பூஜ்யத்தைப் போட்டுக் கணக்கை முடித்துவிடுகிறான். "எழுபது வயசுக்கு மேல அப்பாவுக்கு அதெல்லாம் எதுக்கு?" தாயாரையோ யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவள் வராந்தா பெஞ்சில் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பிள்ளைகள் கூடி எதைத்தான் ஆராய்கிறார்கள் என்றால், ரோபோவா சாதாரணக் கத்தியா என்பதை! ரோபோ என்றால் எல்லாம் சுகமாக முடிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் 308 பேரைக் கொண்டு இதையும் சோதித்துப் பார்த்தார்கள். 2016-இலும் 2018-இலும் முடிவுகள் வந்தன. ரத்த நஷ்டம் ரோபோவில் குறைவு, வாஸ்தவம். மூத்திர விஷயத்திலும் தாம்பத்திய விஷயத்திலும் இரண்டு வருஷம் கழித்து இரண்டும் ஒன்றாகவே இருந்தன. இயந்திரத்தைவிட அதைப் பிடிக்கிற கை முக்கியம். ஆனால் அதற்கும் முன்னால், அறுக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி ஒன்று இருக்கிறதே, அதை வாட்ஸப்பில் கூடிப் பேசிய பிள்ளைகளில் ஒருவரும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

வடபழனியில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். கோயிலுக்குப் பின்புறம் ஒரு சந்தில் சொந்த வீடு. பத்திரப் பதிவு இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தப் பேட்டை முழுவதும் ஒரு காலத்தில் ஸ்டூடியோவாக இருந்ததையும், விஜயா வாஹினித் தளங்கள் நின்ற இடத்தில் இன்று வணிக வளாகம் நிற்பதையும், இடையே எத்தனை கிரயப் பத்திரம் கைமாறியது என்பதையும் அவர் வாயால் கேட்க வேண்டும். அது தனியாக ஒரு நாவலுக்கு ஆகும்.

எழுபதாவது வயதில் இரவில் ஐந்து தடவை எழுந்திருக்க வேண்டியிருந்தது. ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. சற்றுக் கூடுதல். ஊசியால் சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு அவர் கைக்கு வரவில்லை. பெங்களூரில் இருக்கும் மூத்த மகனின் டெலிபோனுக்குப் போயிற்று. அவன் அடுத்த ரயிலில் வந்தான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் (பெயர் எதற்கு? எல்லா இடத்திலும் இதே நாடகந்தான்) "பேஷண்ட் அட்டெண்டர் யாரு, கொஞ்சம் வெளியே வாங்க" என்று கூப்பிட்டார்கள். தாழ்வாரத்தில் டாக்டரும் மகனும் இங்கிலீஷில் பத்து நிமிஷம் பேசினார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. "சுரப்பி வீங்கியிருக்குப்பா. சின்ன ஆபரேஷன். மூணு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்."

சேர்த்த அன்று மாலை நர்ஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து மகனிடம் நீட்டினாள். கட்டிலில் இருந்த பெரியவர் கையை நீட்டினார். "இங்க குடும்மா." நர்ஸ் மகனைப் பார்த்தாள், மகன் சுவரைப் பார்த்தான். "எழுதிக் கொடுக்கிறவன் நானில்லையா? படிச்சுப் பார்க்காம எப்படி?" மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு பக்கத்தையும் படித்தார். இங்கிலீஷ்தான், ஆனால் முப்பத்தைந்து வருஷம் வில்லங்கம் பார்த்த கண்ணுக்குத் தப்புமா? 'கார்சினோமா' என்ற சொல் இரண்டாவது பக்கத்தில் இருந்தது. அன்றிரவே ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து அதே டாக்டரிடம் தனியாகப் போனார். அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தார். "அந்த டாக்டர் நல்ல மனுஷர் தம்பி. கேட்டேன், எல்லாம் சொன்னார். கேட்கிற வரைக்கும் அவருக்கு நான் யாருன்னே தெரியல" என்றார் என்னிடம். வியாதி மெதுவாகப் போகிற ரகம் என்று டாக்டர் சொன்னாராம். செல்களின் உக்கிரத்தை அளக்க 1966-இல் க்ளீஸன் என்ற அமெரிக்கர் வகுத்த ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. அதில் இவருக்கு ஆறு, இன்றைக்கு டாக்டர்கள் தரும் மதிப்பெண்களில் கடைசிப் படி. கண்காணித்துக்கொண்டு காத்திருக்கலாம் என்பது டாக்டரே ஒப்புக்கொண்ட வழி. "அப்ப ஏன் ஸார் நாள் குறிச்சீங்க?" என்று கேட்டதற்கு, "உங்க பையன் உடனே எடுத்துடணும்னார்" என்று பதில் வந்ததாம்.

பெரியவரின் மனைவிக்கு ஒரு பக்கம் விளங்காமல் இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் அவளைத் தூக்கி நாற்காலியில் வைப்பவர் இவர்தான். ஆபரேஷன் என்றால் சில வாரம் கனம் தூக்கக் கூடாது. கரண்ட் என்றால் வாரக் கணக்கில் தினமும் போய் வர வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. வீட்டில் அவளை யார் பார்ப்பது? மகன் போட்ட கணக்கில் இந்த வரியே இல்லை. பெரியவர் காத்திருப்பது என்று தீர்மானித்தார். அவர் சும்மா காத்திருக்கவில்லை. பரிசோதனைத் தாள்களை எல்லாம் தேதிவாரியாக நூல் கோத்துக் கட்டி வைத்திருக்கிறார், வில்லங்கச் சான்றிதழ் மாதிரி. எண் ஏறினால் என்ன செய்வது என்பதையும் டாக்டரோடு பேசி எழுதி வைத்திருக்கிறார். இது மூன்றாவது வருஷம்.

அதே தெருவில் பாங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவருக்கு அடுத்த வருஷமே இதே வியாதி, இதே நிலை. பெரியவரிடம் வந்து கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போய், தம் சுரப்பியை எடுத்துவிடச் சொன்னார்! "உள்ள இருக்குன்னு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வராது" என்றார். எட்டு மாதம் துணி வைத்துக்கொண்டார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. இந்த இருவரில் யார் செய்தது சரி என்று என்னைக் கேட்டால், இரண்டும் சரி என்பேன். இருவரையும் கேட்டுச் செய்தார்கள்.

கண்காணித்துக் காத்திருக்கும் வழியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வியாதியின் பெயரை மறைத்துவிட்டால் இந்த வழியே அடைபட்டுப் போகிறது. சில மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடு, வருஷம் இரண்டு போனால் மறுபடி சதை கொடு என்று ஒருவரைக் காரணம் சொல்லாமல் எத்தனை நாள் இழுத்துக்கொண்டு போவது? பொய்யைக் காப்பாற்றுவதற்கு ஒரே சௌகரியமான வழி, சட்டென்று அறுத்து முடித்துவிடுவது. தேவையில்லாத கத்திகளில் எத்தனை இந்தச் சௌகரியத்துக்காக விழுந்தனவோ, யார் கண்டார்?

இனி நான் சொல்லப் போவது கடுமையான விஷயம். பெண் வாசகர்கள் முகம் சுளிக்கக் கூடும். சுளித்தாலும் படிக்க வேண்டும், ஏனென்றால் நாளைக்குத் தாழ்வாரத்தில் நிற்கப் போகிறவர்களில் அவர்களும் உண்டு.

நம் நாட்டில் பலருக்கு இந்த வியாதி எலும்புக்குப் போன பிறகுதான் தெரியவருகிறது. முதுகு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நிலையில் வியாதியை அடியோடு தீர்க்க முடியாவிட்டாலும் அடக்கி வைக்க முடியும். ஆண்மைச் சுரப்பு நீர் இந்த வியாதிக்கு எரு; எருவை நிறுத்தினால் பயிர் வாடும். 1941-இல் ஹக்கின்ஸ் என்ற டாக்டர் இதைக் காட்டினார். அதற்காக 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். நிறுத்துவதற்கு இரண்டு வழிகள். மாதத்துக்கு ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ ஊசி, ஆயுள் பரியந்தம், செலவு ஓயாது. அல்லது ஒரே தடவை ஆபரேஷன் செய்து விரைகளை எடுத்துவிடுவது; செலவு குறைவு. பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. பணமில்லாத குடும்பம் இரண்டாவதைத் தேர்ந்தால் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அதே வடபழனியில், ஸ்டூடியோ ஒன்றில் செட் போடும் தச்சராக இருந்த ஒருவருக்கு இப்படி ஆயிற்று. எலும்பு வரை போய்விட்டது. மகன்கள் தாழ்வாரத்தில் முடிவு செய்தார்கள். அவரிடம், "விரைவீக்கத்துக்கு ஆபரேஷன்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். கைநாட்டு வைப்பவர் அல்ல. கையெழுத்துப் போடுவார், கணக்கு எழுதுவார், ஓர் அரண்மனைக்கு எத்தனை அடி பலகை வேண்டும் என்று நின்ற இடத்தில் சொல்வார். ஆனாலும் படிவத்தில் கையெழுத்துப் போட்டவன் மகன்தான்.

கட்டு அவிழ்த்த பிறகு அவருக்குத் தெரிந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உடம்பு என்னென்னவோ செய்தது. நடுப்பகலில் நெருப்பாய்க் கொதித்து வியர்த்தது. மார்பு பெண்களுக்குப் போல் கனத்தது. காரணம் இல்லாமல் அழுகை வந்தது. இவை எல்லாம் சுரப்பு நீர் நின்றால் வருகிறவை. முன்னதாகச் சொல்லியிருந்தால் மனிதர் எதிர்பார்த்து இருந்திருப்பார். அவர் தமக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டதாக நினைத்து மந்திரவாதிக்குப் பணம் கொடுத்தார். ஒரு நாள் மாலை என்னைக் கண்டதும், பக்கத்தில் உட்காரச் சொல்லி, தணிந்த குரலில் கேட்டார்: "எதுக்கு ஸார் எடுத்தாங்க?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இதைச் சொல்லியிருக்கலாமே ஸார். நானே எடுத்துடுங்கன்னு சொல்லியிருப்பேனே" என்றார்.

இரண்டு வருஷம் கழித்துக் காலமானார். கடைசி வரையில் பெரிய மகனுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. செய்த சிகிச்சையில் தவறு இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் சம்மதம் கேட்டிருந்தாலும் அதே சிகிச்சைதான் நடந்திருக்கும். ஆனால் கேட்டு எடுப்பது சிகிச்சை. கேட்காமல் எடுப்பதற்கு என்ன பெயர் என்று அந்த நாலு பக்க இளைஞரே யோசிக்கட்டும்.

"நம் பண்பாடு அப்படி" என்கிறார் கும்பகோணத்து அன்பர். இது நம் பண்பாடு என்று யார் அவருக்குச் சொன்னது? 1961-இல் சிக்காகோவில் ஒருவர் டாக்டர்களைக் கேட்டுப் பார்த்தார். நூற்றுக்குத் தொண்ணூறு பேர், புற்றுநோய் என்றால் நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்புவதாகச் சொன்னார்கள். அமெரிக்க டாக்டர்கள்! 1979-இல் திரும்பக் கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் சொல்வதையே விரும்பினார்கள். பதினெட்டு வருஷத்தில் அமெரிக்காவின் பண்பாடு மாறிவிட்டதா? சிகிச்சை வளர்ந்தது, சட்டம் வளர்ந்தது, ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். டாக்டர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான்.

நம் பண்பாட்டுக்குத்தான் வருவோம். 1949-இல் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இடக்கையில் புற்றுக்கட்டி வந்தது. அந்த ஒரு வருஷத்தில் நான்கு தடவை ரண சிகிச்சை செய்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனை வந்தபோது அதை அவரிடமே சொன்னார்கள். வேண்டாம் என்றவர் அவர். சுற்றி நின்ற பக்தர்களுக்கு அவர்மேல் இருந்த பாசம், எந்த மகனுக்குத் தகப்பன்மேல் உள்ள பாசத்துக்கும் குறைந்தது அல்ல. ஆனாலும் கை அவருடையது என்பதை யாரும் மறக்கவில்லை.

ஒரு காலத்தில் மறைப்பதற்குக் காரணம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்துவிட்டு, அந்தத் துக்கத்தோடு பல வருஷம் போராடி, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி ஆரம்பித்தாரே, அந்த நாளில் புற்றுநோய் என்ற சொல்லுக்கு அனேகமாக ஒரே பொருள்தான். சாவதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்டவர்கள்கூட உண்டு. செய்வதற்கு அதிகம் இல்லாத காலத்தில் சொல்லாமல் இருந்தது ஒரு வகையில் நியாயம். இன்று செய்வதற்கு மூன்று வழி இருக்கிறது, எதைச் செய்வது என்பது கேள்வியாக இருக்கிறது. அந்த வாயடைப்பு மட்டும் அப்படியே மிஞ்சி நிற்கிறது.

"சொன்னால் மனமொடிந்து போவார்" என்பது அடுத்த வாதம். சிலர் ஒடிவார்கள், மறுக்கவில்லை. சிலர் தெரிந்துகொள்ளவே பிரியப்பட மாட்டார்கள். "என்னமோ பாருப்பா, எனக்கு ஒண்ணும் சொல்லாதே, நீயே முடிவு பண்ணு" என்று ஒரு தகப்பனார் சொன்னால் மகன் முடிவு செய்யட்டும், ஆட்சேபம் இல்லை. அது அவர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம். ஆனால் அவர் அப்படிச் சொன்னாரா என்று பாருங்கள். பெரும்பாலும் மகனே எழுதி மகனே கையெழுத்திட்டுக்கொண்டதாக இருக்கும். இதிலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. வியாதியைச் சொன்னால் மனம் ஒடிவார் என்று பொத்திப் பொத்தி வைத்த வீட்டிலேயே, ஆபரேஷனுக்கு முந்தின வாரம் உயில் எழுதச் சொல்லி வக்கீலைக் கூட்டி வந்ததை நான் அறிவேன். பெரியவருக்கு அதிலிருந்து ஒன்றுமே விளங்கியிருக்காது என்று நினைத்தார்கள் போலும்!

பிரெஞ்சு தேசத்து ஜனாதிபதி மித்தரான் 1981-இல் பதவிக்கு வந்த சில மாதங்களிலேயே அவருக்கு இதே புரோஸ்டேட் புற்றுநோய், எலும்பு வரை போய்விட்டது என்று தெரிந்தது. தேசத்துக்குத் தெரியாமல் 1992 வரையில் மறைத்தார். டாக்டர் தவறாமல் பொய் அறிக்கை வெளியிட்டு வந்தார். அதன்பின்னும் சில வருஷம் இருந்து 1996-இல் காலமானார். அரசியலில் அது தவறா இல்லையா என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அதில் படுவது ஒன்று: ரகசியம் வியாதிக்காரருடையதாக இருந்தது. யாருக்குச் சொல்வது, யாருக்கு மறைப்பது என்று அவர் தீர்மானித்தார். மனமும் ஒடியவில்லை, பதினாலு வருஷம் ராஜாங்கம் நடத்தினார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு 2008 ஜனவரியில் நம் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பு இருக்கிறது. டெல்லியில் ஒரு பெண்மணி, நாற்பத்து நாலு வயது, மணமாகாதவர், 1995-இல் வயிற்றினுள் குழாய் விட்டுப் பார்க்கும் ஒரு சோதனைக்காகப் போனார். மயக்கத்தில் கிடந்தபோது டாக்டர் தரப்பில் வெளியே வந்து தாயாரிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் முட்டைப் பைகளையும் எடுத்துவிட்டார்கள். பெண்மணி வழக்குப் போட்டார். வயது வந்த, புத்தி உள்ள நோயாளி இருக்கும்போது, உயிருக்கு அவசரம் இல்லாதபோது, தாயார் தந்த சம்மதம் செல்லாது என்றது கோர்ட்டு. கண் விழிக்கும் வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்க வேண்டும் என்றது. என்ன சிகிச்சை, மாற்று வழி உண்டா, அபாயம் என்ன, செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்றும் வகுத்தது. பெற்ற தாயின் கையெழுத்தே செல்லாது என்றால் பெங்களூரில் இருந்து வந்த மகனின் கையெழுத்து மட்டும் எப்படிச் செல்லும்?

டாக்டர்களைச் சும்மா விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சந்தடி மிகுந்த வெளிநோயாளிப் பிரிவில் ஐம்பது பேர் காத்திருக்க, எழுபது வயதுக்காரரை உட்கார வைத்துத் தமிழில் அரை மணி விளக்குவதைவிட, இங்கிலீஷ் தெரிந்த மகனிடம் பத்து நிமிஷத்தில் முடிப்பது சுலபம். இதைத் தவிர வேறு கருணை அதில் இல்லை. அதோடு, ரண சிகிச்சை நிபுணரிடம் போனால் அறு என்பார், கதிர்வீச்சு நிபுணரிடம் போனால் கரண்ட் வை என்பார். அவரவர் கையில் உள்ள கருவி அவரவருக்கு. ஆகவே இருவரையும் பார்த்துவிட்டு முடிவு செய்ய நோயாளிக்கு உரிமை உண்டு. மெதுவாகப் போகிற வியாதியில் அதற்கு அவகாசமும் உண்டு. இதைக் கேட்டு முகம் சிவக்கிற டாக்டரை விட்டு வேறு டாக்டரிடம் போவது நல்லது.

அந்தப் பத்திரப் பதிவுப் பெரியவர் ஒரு நாள் சொன்னார்: "மூணு சென்ட் மனையை விற்கணும்னா எழுதிக் கொடுக்கிறவன் நேரில் வரணும் தம்பி. படம் எடுத்து, விரல் ரேகை வச்சு, சார்பதிவாளர், 'இது நீங்க எழுதிக் கொடுத்ததுதானா?'ன்னு அவன் வாயால கேட்டுத்தான் பதிவு பண்ணுவார். பத்திரமும் அவனுக்குத் தெரிஞ்ச தமிழில்தான் இருக்கும்." அவரிடம் அன்று நீட்டிய ஆஸ்பத்திரிப் படிவம் நான்கு பக்கமும் இங்கிலீஷில் இருந்தது. நானும் அப்புறம் மூன்று இடங்களில் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஓர் இடத்தில் தமிழில் இருந்தது. அதிலும் நோயின் பெயரை எழுத விட்டிருந்த கோட்டுக்குக் கீழே, 'நோயாளி அல்லது உறவினர் கையொப்பம்' என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த 'அல்லது உறவினர்' என்ற இரண்டு சொற்களை எடுத்துவிட்டு மறு அச்சுப் போட என்ன செலவாகும் என்று ஆற்காடு ரோட்டில் ஓர் அச்சுக்கூடத்தில் விசாரித்தேன். ஒன்றும் ஆகாது என்றார்கள்.